சார்ஜ் செய்ததும் பிரேக்கர் விழுந்ததா? செட்டிங்கைத் தொடாதீர்கள்

இரவு ஒன்பதே கால். 110/11 கே.வி. துணை மின்நிலையம் ஒன்று, ஊர்ப்பெயர் வேண்டாம். பராமரிப்பு முடிந்த 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். லைன் கிளியர் திரும்பக் கொடுத்தாயிற்று, எர்த் ராடுகளைக் கழற்றியாயிற்று, ஐசொலேட்டர் போட்டாயிற்று. ஆபரேட்டர் எச்.வி. பிரேக்கரின் சுவிட்சைத் திருப்பினார். யார்டிலிருந்து ஓர் உறுமல். டிரான்ஸ்பார்மர் நாள் முழுக்கப் பாடும் ரீங்காரம் வேறு, இது வேறு. அடித்தொண்டையிலிருந்து வருகிற சத்தம். அது அடங்குவதற்குள் பிரேக்கர் 'டப்' என்று திறந்துகொண்டது. ஹூட்டர் அலறியது. அரை நிமிடத்தில் மூன்று செல்போன்கள் ஒன்றாக அடித்தன.

இருந்தவர்களில் மூத்தவர் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இன்ரஷ்தாம்பா, நியூசன்ஸ் டிரிப். ரீசெட் பண்ணிட்டு இன்னொரு தடவை போடு."

இப்படிச் சொல்கிறவர் பல முறை சரியாகவே சொல்லியிருப்பார். சிக்கலே அங்கேதான். பல முறை பலித்த பழக்கம்தான், ஒரு நாள், உள்ளே சுற்று ஷார்ட்டாகிக் கிடக்கும் டிரான்ஸ்பார்மருக்கு மறுபடியும் மின்சாரம் கொடுக்க வைக்கும். 'நியூசன்ஸ் டிரிப்' என்பது அறிக்கையின் கடைசி வரியில் எழுத வேண்டிய சொல். முதல் வரியிலேயே எழுதிவிட்டால் பிறகு யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள். டெஸ்டிங், கமிஷனிங், பராமரிப்பு என்று இந்தத் துறையில் முதல் ஐந்தாறு வருடத்தில் இருப்பவர்களுக்கு, அந்தக் கடைசி வரிக்குப் போகும் வழியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பத்து நிமிடம்

86 லாக்அவுட் ரிலேயை யாராவது கைவைத்து ரீசெட் செய்வதற்கு முன், பேனலை முழுசாகப் படம் எடுங்கள். பழைய எலெக்ட்ரோமெக்கானிக்கல் ரிலே என்றால் எந்த ஃபேஸில் கொடி விழுந்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். நியூமரிக்கல் ரிலே என்றால் எரியும் எல்.இ.டி.க்கள், திரையில் நிற்கும் டிரிப் செய்தி. பிறகு லேப்டாப்பைச் செருகி ஈவென்ட் பட்டியலையும் டிஸ்டர்பன்ஸ் ரெக்கார்டையும் இறக்குங்கள். நம் பேச்சில் டி.ஆர். இது காம்ட்ரேட் என்ற பொது வடிவில் வரும். 1991-இல் வகுக்கப்பட்டது, எந்தக் கம்பெனி ரிலேயானாலும் இதைத் தரும். ஒரு பதிவு வழக்கமாகக் குறைந்தது இரண்டு கோப்புகளாக இருக்கும். டி.ஏ.டி. என்று முடிவதில் எண்கள் இருக்கும், சி.எஃப்.ஜி. என்று முடிவதில் அந்த எண்களுக்கு அர்த்தம் இருக்கும். அவசரத்தில் ஒன்றை மட்டும் காப்பி செய்துகொண்டு நூறு கிலோமீட்டர் திரும்பி வந்து, அலுவலகத்தில் திறக்க முடியாமல் விழித்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

ரிலேயின் கடிகாரம் என்ன நேரம் காட்டுகிறது, உங்கள் போன் என்ன காட்டுகிறது, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரிலேக்கள் சிலவற்றில் நினைவிடம் சின்னது. இன்னொரு தடவை சார்ஜ் செய்தால் முதல் டிரிப்பின் பதிவு அழிந்துபோகும்.

ஆபரேட்டரிடம் பேசுங்கள். அவருக்கு நம் கோட்பாடு தெரியாமல் இருக்கலாம், அந்த யார்டு தெரியும். எந்த அலாரம் முதலில் வந்தது, பக்கத்து டிரான்ஸ்பார்மர் ஓடிக்கொண்டிருந்ததா, டேப் எந்த எண்ணில் நின்றது, காலையில் யார் என்ன டெஸ்ட் செய்தார்கள். "அண்ணே, கடைசியா இதுல என்ன வேலை நடந்துச்சு?" என்ற ஒரு கேள்வி அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும். எனக்கு அந்த இரவில் மிச்சப்படுத்தியது. கதை பின்னால் வருகிறது.

கோர் ஏன் திணறுகிறது

டிரான்ஸ்பார்மரைப் போடும்போது பாயும் 'இன்ரஷ்' என்ற இந்தத் திடீர் மின்னோட்டத்தைப் பற்றி ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1892-லேயே எழுதிவிட்டார். அன்றைக்கும் இன்றைக்கும் காரணம் ஒன்றே. டெஸ்லா கணக்கில் பார்த்தால் புரியும். இன்றைய சி.ஆர்.ஜி.ஓ. தகடு வைத்த கோர், சாதாரண ஓட்டத்தில் சுமார் 1.7 டெஸ்லா வரை காந்தப் பாய்வு அடர்த்தி ஏறி இறங்கும்படி வடிவமைக்கப்படும். அரை சுற்றில், அதாவது 10 மில்லி செகண்டில், அது மைனஸ் 1.7-இலிருந்து பிளஸ் 1.7-க்குப் போகிறது. மொத்த மாற்றம் 3.4 டெஸ்லா. மின்னழுத்தம் சரியாகப் பூஜ்யத்தைக் கடக்கும் நொடியில் பிரேக்கர் மூடினால், அந்த 3.4-ம் பூஜ்யத்திலிருந்து ஒரே பக்கமாக ஏற வேண்டும். முன்பு அணைத்தபோது கோரில் பிளஸ் 1 டெஸ்லா தங்கியிருந்தால், தேவை 4.4. தகடு தாங்குவதோ ஏறத்தாழ 2 டெஸ்லா. அதற்கு மேல் கோர் இருந்தும் இல்லாத மாதிரிதான். இரும்பில்லாத வெறும் கம்பிச் சுருளாகிவிட்ட வைண்டிங்கில் கரண்ட் பொங்கி வரும். ரேட்டட் முகட்டைப் போல எட்டு முதல் பத்து மடங்கு வரை சாதாரணமாகப் போகும். சின்ன டிரான்ஸ்பார்மரில் சில சுற்றுகளில் அடங்கும். பெரியதில் பல விநாடி இழுக்கும்.

மின்னழுத்தம் முகட்டில் இருக்கும்போது மூடினால், கோரில் பழைய காந்தமும் இல்லையென்றால், இன்ரஷ் ஏறக்குறைய இல்லை. ஆக, எந்த நொடியில் மூடுகிறோம், போன முறை அணைத்தபோது கோர் எந்த நிலையில் நின்றது, இரண்டும் நம் கையில் இல்லை. "மூணு தடவை நின்னுச்சு சார், நாலாவது தடவை விழுது" என்று வரும் புகாரில் பொய் எதுவும் கிடையாது. மூன்று முறை நின்றதால் செட்டிங் சரி என்று ஆகிவிடாது. நான்காவது முறை விழுந்ததால் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது என்றும் ஆகாது.

டி.ஆர். படிக்கும் கலை

87 என்ற டிஃபரென்ஷியல் ரிலேதான் இந்த நாடகத்தின் கதாநாயகன். உள்ளே போகும் கரண்டும் வெளியே வரும் கரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. எல்.வி. பிரேக்கர் திறந்திருக்க எச்.வி. பக்கம் மட்டும் சார்ஜ் செய்தால் வெளியே எதுவும் வராது. உள்ளே போவதெல்லாம் வித்தியாசம்தான். ரிலேயின் கண்ணுக்கு அது அப்பட்டமான ஃபால்ட்.

அந்தக் காலத்தில் ரிலேயைத் தாமதப்படுத்தியும், சார்ஜ் செய்யும் நேரத்தில் மட்டும் மந்தமாக்கியும் ஒப்பேற்றினார்கள். 1938-இல் கென்னடி, ஹேவர்ட் இருவரும் ஒரு நல்ல வழி காட்டினார்கள். இன்ரஷ் அலையில் செகண்ட் ஹார்மோனிக், நம் நாட்டில் 100 ஹெர்ட்ஸ், தாராளமாக இருக்கும். ஃபால்ட் அலையில் அது சொற்பம். அதைக் கண்டால் ரிலே கையைக் கட்டிக்கொள்ளட்டும் என்றார்கள். பழைய துணை மின்நிலையங்களில் இன்னமும் பார்க்கக் கிடைக்கும் டி.டி.எச். 31 முதல் இன்றைய நியூமரிக்கல் ரிலே வரை இதன் வாரிசுகள்தான். வழக்கமான செட்டிங் 15 சதவீதம்.

திரையில் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். இன்ரஷ் என்றால் கோட்டின் ஒரு பக்கம் மட்டும் மலை மலையாக நிற்கும். இரண்டு மலைகளுக்கு நடுவே கோடு பூஜ்யத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். அந்தத் தட்டையான இடைவெளியை அளந்து பாருங்கள். 20 மில்லி செகண்ட் சுற்றில் குறைந்தது நாலைந்து மில்லி செகண்டாவது இருக்கும். ஒவ்வொரு மலையும் முந்தையதைவிடக் கொஞ்சம் குள்ளம். ஃபால்ட் அலை அப்படி இராது. மேலும் கீழும் முழு சைன் அலையாக ஓடும். ஆரம்பத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் பூஜ்யத்தில் படுக்காது, நேராக வெட்டிக்கொண்டு போகும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும். பழகியவர்களை ஏமாற்றுவது கடினம்.

பிறகு மூன்று ஃபேஸுக்கும் தனித்தனியாக செகண்ட் ஹார்மோனிக் சதவீதத்தைப் பாருங்கள். மூன்று ஃபேஸும் மூன்று வெவ்வேறு கோணத்தில் மூடுவதால் மூன்றும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டில் முப்பதுக்கு மேல் இருந்து, ஒன்றில் மட்டும் பத்துப் பன்னிரண்டு என்று இறங்கியிருந்தால், 15-இல் வைத்த ரிலே அந்த ஒரு ஃபேஸில் டிரிப் கொடுத்துவிடும். தகட்டின் தரம் கூடக் கூட, அடர்த்தியை ஏற்றி வடிவமைக்க வடிவமைக்க, இந்தச் சதவீதம் குறைந்துகொண்டே வருகிறது. புது டிரான்ஸ்பார்மரில் பத்துக்குக் கீழே போவதும் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முந்தைய டிரான்ஸ்பார்மருக்குப் பொருந்திய 15, புதியதற்கும் பொருந்தும் என்று எந்த விதியும் இல்லை.

இப்போது செட்டிங்கை 10-க்குக் குறைக்கலாமா? குறைக்கலாம், என்ன இழக்கிறோம் என்று தெரிந்து குறைக்க வேண்டும். உள்ளே பெரிய ஃபால்ட் ஏற்பட்டு சி.டி. சாச்சுரேட் ஆனாலும் ஹார்மோனிக் கிளம்பும்; வரம்பு எவ்வளவு கீழே இருக்கிறதோ, ரிலே அங்கேயும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும். இதற்குப் பாதுகாப்பாகத்தான் ஹார்மோனிக்கைக் கண்டுகொள்ளாத ஹை-செட் டிஃபரென்ஷியல் இருக்கிறது. அதை இன்ரஷ் முகட்டுக்கு மேலே வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது தாழ்வாக இருந்தால் செகண்ட் ஹார்மோனிக்கை எவ்வளவு குறைத்தாலும் பிரேக்கர் விழுந்துகொண்டேதான் இருக்கும். செட்டிங் தாளின் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள் தவறவிடும் இடம் இது.

கிராஸ் பிளாக்கிங் இன்னொரு வழி. ஒரு ஃபேஸில் இன்ரஷ் தெரிந்தால் மூன்று ஃபேஸையும் தடுத்துவைப்பது. சார்ஜ் செய்யும்போது உண்மையிலேயே ஒரு ஃபேஸில் ஃபால்ட் இருந்தால் மற்ற இரண்டின் இன்ரஷ் அடங்கும்வரை ரிலே வாய் திறக்காது. அதனால், ரிலே அனுமதித்தால், கிராஸ் பிளாக்கிங்கைச் சில சுற்றுகளுக்கு மட்டும் கால வரம்போடு வைப்பதே என் வழக்கம். வரம்பில்லாமல் போட்டு வைத்திருக்கும் இடங்களைப் பார்த்தால் எனக்கு உறக்கம் வராது.

அந்த இரவு நடந்தது

திரும்ப அந்த 16 எம்.வி.ஏ.வுக்கு. டி.ஆர். அசல் இன்ரஷ் அலையைக் காட்டியது. பி ஃபேஸில் மட்டும் செகண்ட் ஹார்மோனிக் 11 சதவீதம். மூத்தவர் சொன்னது சரிதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடம் இதே செட்டிங்கில் நின்ற டிரான்ஸ்பார்மர் இன்று ஏன் விழுந்தது?

ஆபரேட்டரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது: "சாயங்காலம் நம்ம ஆளுங்கதான் சார் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் எடுத்தாங்க."

வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் டெஸ்ட் டி.சி. கரண்டில் நடக்கும். கருவியை நிறுத்தும்போது கோர் ஒரு பக்கமாகக் காந்தமேறி நிற்கும். அதை இறக்காமல் சார்ஜ் செய்தால் இன்ரஷ் வழக்கத்தைவிட முரட்டுத்தனமாக வரும். டெஸ்ட் முடிந்ததும் டீ-மேக்னடைஸ் செய்ய வேண்டும். திசையை மாற்றி மாற்றி, படிப்படியாகக் குறைத்து டி.சி. கொடுப்பதுதான் அது, இப்போதைய கருவிகளில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்த மறந்தவர்கள் எங்கள் குழு. டெஸ்ட் வரிசையை எழுதிக் கொடுத்தவன் நான். ரெசிஸ்டன்ஸுக்கு அடுத்த வரியில் டீ-மேக்னடைசிங் என்று எழுதத் தவறியிருந்தேன்.

செய்ததைச் சொல்கிறேன். மெகர், ரேஷியோ எடுத்தோம். கோரை டீ-மேக்னடைஸ் செய்தோம். மேக்னெடிக் பேலன்ஸ் பார்த்தோம். கோரில் காந்தம் தங்கியிருந்தால் இந்த டெஸ்ட்டும் கோணலாகக் காட்டும் என்பதால் அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். பக்ஹோல்ஸில் காற்றோ வாயுவோ இல்லை. எந்தச் செட்டிங்கையும் மாற்றாமல் இரவு ஒன்றரை மணிக்கு மறுபடி போட்டோம். உறுமல் வந்தது, அடங்கியது, ரீங்காரமானது. நின்றது.

மறுநாள் மேலதிகாரியின் முன் நின்று, தவறு எங்கள் பக்கம் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி தம்பி, அந்த வரியை எல்லா ஃபார்மேட்டிலேயும் சேர்த்துடு" என்றார். அதற்குப் பிறகு சிக்கலான டிரிப் என்றால் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

87 இல்லாமல் வேறு எது விழுந்தாலும்

ஓவர்கரண்ட் ரிலேயின் இன்ஸ்டன்டேனியஸ் பகுதி, அதாவது 50 விழுந்திருந்தால் ஒரு கால்குலேட்டர் போதும். 16 எம்.வி.ஏ., 110 கே.வி. என்றால் ரேட்டட் கரண்ட் 84 ஆம்பியர். இம்பீடன்ஸ் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எல்.வி. பஸ்ஸில் ஷார்ட் ஆனால் எச்.வி. பக்கம் அதிகபட்சம் பத்து மடங்கு, 840 ஆம்பியர் ஓடும். அதற்கு மேல் 30 சதவீதம் வைத்தால் 1,092. சி.டி. 100/1 என்றால் ரிலேயில் ஏறக்குறைய 10.9 ஆம்பியர். எட்டு மடங்கு இன்ரஷ் என்றால் முகடு 950 ஆம்பியர் வரும். நியூமரிக்கல் ரிலே 50 ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் வடித்தெடுத்துப் பார்ப்பதால் அதன் கணக்கில் இதைவிடக் கணிசமாகக் குறைவாகத் தெரியும். ஆக 10.9-இல் வைத்தது நிற்கும். யாரோ 'பாதுகாப்பாக இருக்கட்டும்' என்று 5 ஆம்பியரில் வைத்திருந்தால்? சில நாள் நிற்கும், சில நாள் விழும். பழைய ஆர்மேச்சர் வகை ரிலேக்கள் டி.சி. சாய்வையும் சேர்த்தே உணரும் என்பதால் இன்னும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். இங்கே செட்டிங்கை மாற்றுவதில் தவறே இல்லை, கணக்கு எழுதிக் காட்டிவிட்டு மாற்றுங்கள்.

எர்த் ஃபால்ட் ரிலே விழுந்தால் யோசிக்க வேண்டியது சி.டி.யைப் பற்றி. மூன்று ஃபேஸ் சி.டி.க்களையும் சேர்த்து மிச்சத்தை அளக்கும் இணைப்பில், இன்ரஷின் டி.சி. பகுதி மூன்று சி.டி.க்களையும் மூன்று விதமாகச் சாச்சுரேட் செய்யும். இல்லாத எர்த் கரண்ட் ரிலேக்குத் தெரியும். கொஞ்சம் தாமதம் கொடுப்பதோ, அதிலும் செகண்ட் ஹார்மோனிக் பிளாக் வைப்பதோ இதற்கு மருந்து.

ஆர்.இ.எஃப்., அதாவது ரெஸ்ட்ரிக்டட் எர்த் ஃபால்ட் ரிலே விழுந்தால் நேராக நியூட்ரல் சி.டி.யின் டெர்மினலுக்குப் போங்கள். டெஸ்ட்டுக்காகப் போட்ட ஷார்ட்டிங் லிங்க்கைத் திறக்காமல் விட்டிருப்பார்கள். எச்.வி. நியூட்ரல் எர்த் செய்யப்பட்ட ஸ்டார் வைண்டிங்கில் இன்ரஷின் ஒரு பகுதி நியூட்ரல் வழியாகவும் ஓடும். அந்தப் பக்கத்து சி.டி. ஊமையாக இருந்தால் ஃபேஸ் பக்கத்துக் கணக்கு மட்டும் தனியே நின்று ரிலேயைத் தள்ளிவிடும். நியூட்ரல் சி.டி.யின் போலாரிட்டி மாறியிருந்தாலும் இதே கதிதான்.

போலாரிட்டி என்றதும் ஒன்று. டிஃபரென்ஷியல் விழுந்தவுடன் எல்.வி. சி.டி. போலாரிட்டியைத் தேடிக் கிளம்புகிறவர்கள் நிறைய. எல்.வி. பிரேக்கர் திறந்திருக்கும்போது அந்த சி.டி.யில் கரண்டே இல்லை. தலைகீழாக மாட்டியிருந்தாலும் அது சார்ஜ் செய்யும் நொடியில் 87-ஐ விழவைக்காது. அந்தத் தவறு தெரிவது லோடு ஏறும்போது, அல்லது வெளியே எங்கோ ஃபீடரில் ஃபால்ட் வரும்போது. வெக்டர் குரூப் செட்டிங் தவறும் அப்படித்தான். சார்ஜ் செய்ததும் விழுந்ததா, லோடு ஏற்றியதும் விழுந்ததா என்ற ஒரு கேள்வியிலேயே பாதிச் சந்தேகம் விலகிவிடும்.

பக்ஹோல்ஸ்

மாக்ஸ் பக்ஹோல்ஸ் 1921-இல் உருவாக்கிய இந்தச் சின்ன இரும்புப் பெட்டிக்கு ஹார்மோனிக் தெரியாது, சாச்சுரேஷன் தெரியாது. எண்ணெயும் வாயுவும் மட்டும்தான் தெரியும். அது விழுந்தால் முதலில் நம்புங்கள். பொய் என்று நிரூபிக்கும் பாரம் நம்முடையது.

நிரூபிக்கவும் முடியும். எண்ணெய் மாற்றிய, ஃபில்டர் செய்த டிரான்ஸ்பார்மரில் காற்று சிக்கியிருக்கும். சார்ஜ் செய்த அதிர்வில் அது மேலேறி பெட்டிக்குள் சேரும். மெர்க்குரி சுவிட்ச் வைத்த பழையவை இன்ரஷ் குலுக்கலிலேயே தொட்டுவிட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெர்மினல் பெட்டியின் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் இறங்கி இரண்டு டெர்மினலையும் இணைத்துவிடும். நான் ஒருமுறை மூடியைத் திறந்தபோது உள்ளே அரை டம்ளர் தண்ணீரும் ஒரு பல்லியும் இருந்தன. மார்ஷலிங் பாக்ஸில் எலி கடித்த வயர், டி.சி. எர்த் ஃபால்ட் இவையும் உண்டு.

இதில் எது என்று சொல்வதற்கு முன் பெட்டியில் வாயு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாதிரி எடுங்கள், எண்ணெயையும் டி.ஜி.ஏ.வுக்கு அனுப்புங்கள். அசிட்டிலீன் வந்தால் உள்ளே ஆர்க் அடித்திருக்கிறது என்று அர்த்தம், விவாதம் முடிந்தது. 87-ம் பக்ஹோல்ஸும் சேர்ந்து விழுந்திருந்தால் யார் போனில் எவ்வளவு சத்தம் போட்டாலும் மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள்.

பக்கத்து வீட்டு இன்ரஷ்

புதிதாகப் போட்டது நிற்கும். பக்கத்தில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது விழும். ஹேவர்ட் 1941-இல் இதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். புது டிரான்ஸ்பார்மரின் டி.சி. பகுதி, பொதுவான லைன் ரெசிஸ்டன்ஸ் வழியாக ஓடி, பக்கத்து டிரான்ஸ்பார்மரின் கோரை எதிர்ப் பக்கமாகத் தள்ளும். அது மெல்ல ஏறும், மெல்லத்தான் இறங்கும். லைன் நீளமாக, சோர்ஸ் பலவீனமாக இருக்கும் இடங்களில் அதிகம். டிரிப் ஆனது எது, போட்டது எது என்று நேரத்தோடு எழுதிவைக்காவிட்டால் இதைப் பிடிக்கவே முடியாது.

ஆரல்வாய்மொழி, உடுமலை பக்கம் காற்றாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இதன் ஒன்றுவிட்ட தம்பியைத் தெரிந்திருக்கும். ஒரு 33 கே.வி. ஃபீடரில் ஒவ்வொரு காற்றாலைக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர். ஃபீடரைப் போட்டால் அத்தனையும் ஒரே நொடியில் காந்தமேறும். ஃபீடர் ரிலே விழும். ஃபீடரைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் போடுவதுதான் செலவில்லாத தீர்வு. அதைச் செய்யாமல் ரிலேயை ஏற்றி வைத்துவிட்டு, பிறகு கடைசிக் காற்றாலையில் ஃபால்ட் வரும்போது ரிலே பார்க்கவில்லை என்று புலம்புவது வீண்.

மேலிடத்துப் போனும் உங்கள் கையெழுத்தும்

தொழில்நுட்பம் பாதி, மீதி, மனிதர்களைச் சமாளிப்பது. ஊரே இருட்டில். போனில் அதிகாரி: "தம்பி, அந்த செகண்ட் ஹார்மோனிக்கைக் கொஞ்சம் இறக்கிட்டு சார்ஜ் பண்ணிடுப்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்." எதிர்த்துப் பேசவும் கூடாது, தலையாட்டவும் கூடாது. நான் சொல்லும் வாக்கியம் இது: "சார், டி.ஆர். எடுத்துட்டேன். பத்து நிமிஷத்துல அலை பாத்துட்டு கூப்பிடறேன். இன்ரஷ்தான்னா என்ன மாத்தணும்னு மெசேஜ்ல அனுப்பறேன், நீங்க ஓகேன்னு போட்டா மாத்திடறேன்." மறுக்கவில்லை, தாமதப்படுத்தவும் இல்லை. ஆனால் முடிவு எழுத்தில் வந்துவிட்டது. எழுத்தில் கேட்டதும் பாதிப் பேர் "சரி, டெஸ்ட்டே பண்ணிடு" என்று இறங்கி வருவார்கள்.

மாற்றினால் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, காரணம், தேதி, இருவர் கையெழுத்து. ரிலேயின் செட்டிங் ஃபைலை மாற்றும் முன்னும் பின்னும் சேமியுங்கள். அறிக்கை ஒரே பக்கம்: எது விழுந்தது, அலையின் படம், என்ன டெஸ்ட் செய்தோம், என்ன முடிவு. பதினைந்து பக்க அறிக்கையை ஒருவரும் படிப்பதில்லை.

முதல்முறை சார்ஜ் செய்யும்போது இன்ரஷையே குறைத்துக்கொள்ளவும் வழிகள் உண்டு. வெளிச்சுற்றான எச்.வி. பக்கமிருந்து போடுங்கள். டேப்பை அதிகச் சுற்றுகள் உள்ள நிலையில், அதாவது உயர் மின்னழுத்த டேப்பில் வைத்துப் போடுங்கள். பெரிய, மேல் வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர்களுக்கு அலையின் சரியான புள்ளியில் பிரேக்கரை மூடும் கன்ட்ரோல்டு சுவிட்சிங் இருக்கிறது. புரூங்க், ஃப்ரோலிக் இருவரும் 2001-இல் எழுதிய கட்டுரைகள் அதன் அடிப்படையைத் தெளிவாகச் சொல்கின்றன.

படிக்க வேண்டுமென்றால் ஐ.இ.இ.இ. சி37.91 என்ற டிரான்ஸ்பார்மர் பாதுகாப்பு வழிகாட்டியிலிருந்து தொடங்குங்கள். என்.பி.டி.இ.எல். தளத்தில் பவர் சிஸ்டம் புரொடெக்‌ஷன் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதைவிட முக்கியம், உங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு டி.ஆர்.ஐயும் சேர்த்து வைப்பது. நிறுவனத்தின் அனுமதியோடு, ஸ்டேஷன் பெயரை நீக்கி. செகண்டரி இஞ்செக்‌ஷன் கருவியில் அந்தப் பதிவை மறுபடி ரிலேக்குள் ஓட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். செட்டிங்கை மாற்றினால் அன்றைக்கு ரிலே என்ன செய்திருக்கும் என்பதை, டிரான்ஸ்பார்மரைத் தொடாமலே காட்டிவிடலாம். வளைகுடா நாடுகளில் கமிஷனிங் வேலைக்கு நேர்காணல் செய்பவர்கள் சான்றிதழை ஒரு பார்வை பார்த்துவிட்டு இதைத்தான் நோண்டிக் கேட்பார்கள்.

நேர்காணலில் நான் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "எல்.வி. திறந்திருக்கு, எச்.வி.யைப் போட்டதும் 87 விழுந்துடுச்சு. என்ன பண்ணுவீங்க?" "செகண்ட் ஹார்மோனிக் செட்டிங்கைப் பாப்பேன் சார்" என்று உடனே சொல்பவர்கள் அதிகம். "ரீசெட் பண்றதுக்கு முன்னாடி டி.ஆர். எடுப்பேன், அப்புறம் கடைசியா யாரு என்ன வேலை பாத்தாங்கன்னு கேப்பேன்" என்று சொல்பவர்கள் குறைவு. இதுவரை நான் கையெழுத்துப் போட்டு எடுத்தது அவர்களை மட்டும்தான்.